வண்டிக்கு ஒரு துண்டு

2025 பெப்ரவரி கடைசியில ஒரு நாள், நுவரெலியா ஹோட்டல் ஒண்ணுல ஒரு குடும்பத்த எறக்கிட்டு வெறும் வேனோட அட்டனுக்கு வந்துக்கிட்டு இருந்தேன். தலவாக்கலை தாண்டி, செயின்ட் கிளயர் நீர்வீழ்ச்சிய பாக்க எல்லாரும் வண்டிய நிப்பாட்டுற எடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ரோட்டோரத் தண்ணிக் கான் பக்கமா ஒரு பழைய லேன்ட் க்ரூசர் நின்னுச்சு. கூரைல கூடாரம், பின்னுக்கு தண்ணி கேன், ரெண்டு ஸ்பெயார் டயர். நம்ம நாட்டு நம்பர் பிளேட் இல்ல. பக்கத்துல போகும்போதே கிளட்ச் கருகின வாசம், அது ஒரு தரம் மூக்குல ஏறிருச்சுன்னா எந்த டிரைவரும் மறக்கமாட்டான்.

நிப்பாட்டினேன். அறுபது வயசு தாண்டின ஒரு சோடி, சுவிஸ்காரங்க. மனுசன் என்னப் பாத்ததும் "வணக்கம்"னாரு, அங்க அவரோட மேல்வீட்டுல இருக்குறது யாழ்ப்பாணத்து ஆளுகளாம், அந்த ஒரு சொல்ல வச்சுக்கிட்டே இலங்கை பூரா சுத்திட்டாரு. வண்டிக்குப் பின்னால சி எச்னு ஒரு ஸ்டிக்கர். தோட்டத்துப் பையனுக நாலு பேரு அதப் பாத்து "அங்கிள், இது சைனா வண்டியா?"ன்னு என்கிட்ட கேட்டானுக. சுவிஸுக்கு லத்தீன்ல உள்ள பேர வச்சு அந்த ரெண்டு எழுத்து வந்துச்சாம், பெறகுதான் தெரியும். நம்ம நாட்டுக்கு அதே மாதிரி சி எல், சிலோன்ங்கிறதுல இருந்து வந்தது. 1972ல நாட்டோட பேர மாத்தினாங்க, ஸ்டிக்கர மாத்தல.

கயிறு போட்டு இழுத்துக்கிட்டு அட்டனுக்கு வந்தோம். இறக்கத்துல இழுக்குறது சும்மா வெளையாட்டு இல்ல, அதுலயும் அவரு இடது பக்கம் உக்காந்து ஓட்டுற ஆளு, பத்தனை வளைவுல பஸ்காரன் ஹோன் அடிச்சுக்கிட்டு வரும்போது கண்ணாடியில அவரு மூஞ்சியப் பாத்தேன், பாவமா இருந்துச்சு. அவருக்கு கான் நல்லாத் தெரியும், எதுக்கால வர்ற வண்டி தெரியாது. வலது பக்கம் உக்காந்திருக்குற மேடம்தான் தலைய வெளிய நீட்டி பாத்துச் சொல்லணும். இந்தியா பூராவும் இப்புடித்தான் வந்தாங்களாம், ஓவர்டேக் பண்றதெல்லாம் மேடத்தோட வாய்லதான்.

எங்க கராஜ் பாஸ் வண்டிய சுத்தி ஒரு நட நடந்து பாத்துட்டு, "இதுக்கு சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தயில கெடைக்கும், நாளண்டைக்கு முடிச்சுக் குடுத்துறேன்"னாரு. சொன்ன மாதிரியே ரெண்டாம் நாள் வேல முடிஞ்சிச்சு. ராடு ஜாக்கு எல்லாத்தயும் ஒதுக்கி வச்சுட்டு கையத் தொடச்சுக்கிட்டு பாஸ் டிரைவர் சீட்டுல ஏறப் போனாரு. மேடம் குறுக்க வந்து நின்னுட்டாங்க. "நோ, நோ. சொறி. கார்னே."

பாஸுக்கு மூஞ்சி செவந்துருச்சு. முப்பது வருசமா வண்டி செஞ்ச மனுசன், "ஓட்டிப் பாக்காம எப்புடி கிளட்ச் செட் பண்றது, நான் என்ன தூக்கிக்கிட்டு ஓடவா போறேன்?"ன்னு என்கிட்ட கோவமா கேக்குறாரு, நான் அத நல்ல வார்த்தையா மாத்தி அவுங்ககிட்ட சொல்றேன். கடைசியில சுவிஸ்காரரு ஓட்ட, பாஸ் வலது பக்கம் ஸ்டியரிங் இல்லாத சீட்டுல உக்காந்துக்கிட்டு போனாரு. பின் சீட்டுல நான். கொட்டகலை வரைக்கும் போய்த் திரும்பினோம், அவ்வளவு தூரமும் பாஸோட இடது காலு தரையில இல்லாத கிளட்ச மிதிச்சுக்கிட்டே வந்துச்சு. எறங்கினதும் ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, "அரை இஞ்ச் கூட்டணும்". கூட்டினாரு, சரியாயிருச்சு.

மேடம் சொன்ன அந்த கார்னேதான் இந்தக் கதை.

அன்னைக்கி ராவு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பிளேன்டியும் ரொட்டியும் குடுத்தோம். அப்பதான் மேடம் பையிலருந்து ஒரு புத்தகத்த எடுத்தாங்க, ஏ4 சைஸ், பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, மழ பட்டாலும் நனையாம. முழுப்பேரு கார்னே டி பசாஜ். வண்டிக்கு உள்ள பாஸ்போட்டுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா பாஸ்போட்டு இல்ல, அது ஒரு பிணைப் பத்திரம். வெளிநாட்டு நம்பர் வண்டிய ஒரு நாட்டுக்குள்ள எறக்கினா அது இறக்குமதிதான், வரி கட்டணும். சுத்திப் பாத்துட்டு கொண்டு போயிருவேன்னு நீங்க வாயால சொன்னா சுங்கக்காரன் நம்பமாட்டான்ல? அதனால உங்க நாட்டு மோட்டார் கிளப்பு நடுவுல நிக்கிது. "இந்த வண்டி திரும்பிப் போகும், போகலைன்னா வரிய நாங்க கட்டுறோம்"னு கிளப்பு எழுதிக் குடுக்குது. கிளப்பு சும்மா குடுக்குமா, வண்டி பெறுமதிக்கும் போற நாட்டுக்கும் ஏத்த மாதிரி உங்ககிட்ட பணமாவோ பேங்க் கேரன்டியாவோ வாங்கி வச்சுக்கும். எல்லா முத்திரையும் சரியா விழுந்த புத்தகத்த திருப்பிக் குடுத்தாத்தான் அந்த காசு திரும்பும்.

ஐரோப்பாவுக்குள்ள இதெல்லாம் வேணாம். துருக்கி தாண்டி இந்தப் பக்கம் வரவர வேணும், ஈரான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், பெறகு நம்ம நாடு. நம்ம நாட்டுக்கு ரோட்டுல பார்டரே கெடையாது, ஆனாலும் வேணும், கொழும்பு ஹாபர்தான் நமக்கு பார்டர். இதுக்கெல்லாம் அடிப்படை 1954ல நியூயோர்க்ல போட்ட ஒரு ஒப்பந்தம், சொந்தப் பாவனைக்கு உள்ள வண்டிகள தற்காலிகமா வரி இல்லாம விடுறது சம்பந்தமா. சிலோனா இருந்த காலத்துலயே நம்ம நாடும் அதுல கையெழுத்து போட்டிருக்கு.

புத்தகத்துக்குள்ள ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டா பிரிச்சிருக்கு. ஒரு நாட்டுக்குள்ள ஒரு தரம் போய் வர ஒரு பக்கம். உள்ள வரும்போது ஒரு துண்ட சுங்கக்காரன் கிழிச்சு எடுத்துக்கிட்டு, புத்தகத்தோட நிக்கிற அடிக்கட்டையில முத்திர குத்துவான். வெளிய போகும்போது இன்னொரு துண்ட கிழிச்சுக்கிட்டு அதே அடிக்கட்டையில ரெண்டாவது முத்திர. பக்கம் முடிஞ்சா அந்த நாட்டுக் கணக்கு முடிஞ்சிச்சு. ஒவ்வொரு துண்டுலயும் வண்டியப் பத்தி எல்லாம் எழுதியிருக்கு, நம்பர், செசி நம்பர், இன்ஜின் நம்பர், எத்தன சிலின்டர், நெறம், நெற, பெறுமதி, சீட்டு உறை என்னா, ரேடியோ என்னா மேக்கு, ஸ்பெயார் டயர் எத்தன. ஆமாங்க, ஸ்பெயார் டயர் ரெண்டுன்னு எழுதியிருந்தா வெளிய போகும்போதும் ரெண்டு இருக்கணும். பொண்ணு கட்டிக் குடுக்கும்போது சீர்வரிச லிஸ்ட் எழுதுற மாதிரி.

இந்த ரெண்டாவது முத்திரதான் எல்லாருக்கும் வயித்தக் கலக்குற வெசயம். வர்ற வழியில ஒரு நாட்டு பார்டர்ல, எந்த நாடுன்னு வேணாம், அதிகாரி சாப்பாட்டுக்குப் போற அவசரத்துல வெளிய போற துண்ட கிழிச்சிட்டு அடிக்கட்டையில முத்திர குத்தாம குடுத்துட்டாராம். இவுங்க பாக்கல. நூறு கிலோமீட்டர் தாண்டி ராவு தங்கின எடத்துலதான் மேடம் பொரட்டிப் பாத்திருக்காங்க. அந்த முத்திர இல்லாட்டி பேப்பர்ல வண்டி இன்னும் அந்த நாட்டுக்குள்ளயே நிக்கிது, ஆளு வேற நாட்டுல அதே வண்டிய ஓட்டிக்கிட்டு இருந்தாலும். அந்த நாடு பெறகு கிளப்புகிட்ட வரி கேக்கலாம். மறுநா காலையில திரும்ப நூறு கிலோமீட்டர் போய் குத்திக்கிட்டு வந்திருக்காங்க. அப்புடி திரும்பிப் போக ஏலாம போனா, ஊருக்குப் போன பெறகு வண்டிய அங்க உள்ள சுங்கத்துல காட்டி "இந்த செசி நம்பர் வண்டி இங்கதான் நிக்கிது"ன்னு ஒரு சான்றிதழ் எடுத்து அனுப்பலாமாம். நம்ம பென்சன்காரங்க உசுரோட இருக்கேன்னு கையெழுத்து வாங்கிக் குடுக்குற மாதிரி வண்டிக்கும்.

பாஸ ஏன் ஓட்ட விடல? அதுவும் அந்த ஒப்பந்தத்துல இருக்கு. புத்தகத்துல பேரு உள்ள ஆளு, இல்லாட்டி அவரு அனுமதி குடுத்த வேற ஆளு ஓட்டலாம், ஆனா அந்த வேற ஆளும் வெளிநாட்டுல குடியிருக்குற ஆளா இருக்கணும். உள்ளூர்க்காரன் ஓட்டணும்னா சுங்கத்தோட சம்மதம் வேணும். ஏன்னா உள்ளூர்க்காரன் கையில ஸ்டியரிங் போச்சுன்னா வண்டி கைமாறிருச்சோன்னு சந்தேகம் வரும். விக்கவும் ஏலாது, வாடகைக்கு குடுக்கவும் ஏலாது. நான் இந்த ரோட்டுல இருவது வருசமா ஓடுறேன், கினிகத்தனை வளைவுல கண்ண மூடிக்கிட்டு கியர் மாத்துவேன், ஆனா அந்த வண்டிய என் வீட்டு வாசல்ல ரிவர்ஸ் எடுக்க எனக்கு உரிம இல்ல. சட்டம் சரிதான்னு பெறகு வெளங்கிச்சு, அன்னைக்கி கொஞ்சம் குத்துச்சு.

நம்ம ஊர்ல இந்த சந்தேகம் ஞாயம்தான். 2020 மார்ச்சுல நிப்பாட்டின வாகன இறக்குமதிய சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ந் தேதிதான் தொறந்து விட்டாங்க. அஞ்சு வருசம் புது வண்டி வராத நாடு. பத்து வருசம் பழைய வேகன் ஆர் கார் கூட வாங்கின வெலைய விட கூடின வெலைக்கு வித்துச்சு. தொறந்த பெறகும் வரி தலைக்கு மேல, வண்டி வெலைய விட வரி கூட. அப்புடிப்பட்ட எடத்துல ஒரு லேன்ட் க்ரூசர் வரி கட்டாம உள்ள சுத்துதுன்னா சுங்கக்காரனுக்கு தூக்கம் வருமா? அட்டன் டவுன்ல அந்த வண்டிய நிப்பாட்டின ரெண்டு நாள்ல என்கிட்ட மூணு பேரு தனித்தனியா வந்து "அண்ணே, வெள்ளக்காரன் குடுப்பானா?"ன்னு கேட்டாங்க. அதுல ஒருத்தரு அரசாங்க உத்தியோகத்தரு.

சரி, அன்னைக்கி ராவு. அப்பா மூலையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. எழுபத்தாறு வயசு, தேயிலத் தோட்டத்துல கான் வெட்டுலயும் கவ்வாத்துலயும் காலம் போன மனுசன், இங்கிலீஷ் தெரியாது. நான் ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லச் சொல்ல கேட்டுக்கிட்டு இருந்தாரு, புத்தகத்த வாங்கி கிழிச்சு எடுத்த எடத்த வெரலால தடவிப் பாத்தாரு, திருப்பிக் குடுத்துட்டு சொன்னாரு:

"இது துண்டுடா."

எனக்கு மொதல்ல வெளங்கல. காகிதத் துண்டச் சொல்றாருன்னு நெனச்சேன். அப்பாயி சொன்ன துண்டு அது. வெள்ளக்கார தொரமாரு காலத்துல தோட்டத்துக்கு வந்த சனம் எல்லாம் கடன்லதான் வந்துச்சு, கப்பல் செலவு, கங்காணி குடுத்த முன்பணம், அரிசிக் கணக்கு. ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா தொர ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாரு, "இந்தக் கங்காணியும் இவன் கூட இத்தன ஆளும் இவ்வளவு கடன், கட்டினா விட்டுறேன்"னு. அதுக்குப் பேரு துண்டு. எந்த தொர அந்தக் கடனக் கட்டுறாரோ அவருக்கு சனம் போகும். ஆளுக்கு எவ்வளவுன்னு பேப்பர்ல இருக்கும், பேப்பருக்குப் பின்னால ஆளு நடந்து போகும். 1921ல சட்டம் போட்டு அத நிப்பாட்டினாங்க. அதுக்கும் முன்னால இந்தியாவுல இருந்து வர்ற வழியிலயே கழுத்துல தகரத்துல ஒரு டிக்கட் கட்டி விட்டிருக்காங்க, எந்தத் தோட்டம், எத்தனாவது ஆளுன்னு நம்பர் அடிச்சு. செசி நம்பர் மாதிரி.

அப்பா இத சுவிஸ்காரருக்கு சொல்லுன்னாரு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். மனுசன் கொஞ்ச நேரம் ஒண்ணும் கதைக்கல. மேடம்தான் கேட்டாங்க, "ஆக்கள் திரும்பிப் போனாங்களா?"ன்னு.

அதுக்கு நான் பெரியப்பா கதைய சொல்ல வேண்டி வந்துச்சு. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்க சனத்த நாடு இல்லாத சனமா ஆக்கிருச்சு. (ஆறே வருசத்துல, அதே நாடு, வெளிநாட்டு கார்கள மரியாதையா வரி இல்லாம விடுறதுக்கு நியூயோர்க்ல கையெழுத்து போட்டுச்சு. இத நான் இட்டுக்கட்டல, வருசத்த எண்ணிப் பாருங்க.) பெறகு 1964 ஒக்டோபர் மாசம் ரெண்டு நாட்டுப் பிரதமருகளும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். அஞ்சு லட்சத்து இருவத்தஞ்சாயிரம் பேர இந்தியா எடுக்கணும், மூணு லட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிம குடுக்கணும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேர பெறகு பாப்போம். யாருகிட்ட கேட்டாங்க? எங்க யாருகிட்டயும் கேக்கல. அந்த ஒன்றரை லட்சத்த 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க, எழுபத்தஞ்சாயிரம் அங்க, எழுபத்தஞ்சாயிரம் இங்க.

பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டாரு, அப்பா இங்கயே இருக்கேன்னாரு. ஒரே லயத்துல, தோட்டத்து வரிச வீட்டுல, பக்கத்து பக்கத்து காம்பரா. கண்டியில இந்திய உதவி உயர்ஸ்தானிகர் ஆபீஸ்ல பாஸ்போட்டு வந்துச்சு. அட்டன் ஸ்டேசன்ல இருந்து கோச்சியில தலைமன்னார், அங்கருந்து கப்பல்ல ராமேஸ்வரம், பெறகு மண்டபம் முகாம். தனுஷ்கோடி துறைமுகத்த 1964 டிசம்பர் புயல் அள்ளிட்டுப் போனதால கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் போச்சு. முகாம்ல இருந்து கோத்தகிரி பக்கம், தமிழ்நாட்டு அரசாங்கம் இப்புடிப் போன சனத்துக்காகவே 1968ல ஆரம்பிச்ச தேயிலத் தோட்டத்துல, நம்ம டான்டீன்னு சொல்றது, அங்க அதே கொழுந்து வேல. அட்டன் ஸ்டேசன்ல அன்னைக்கி பெரியம்மா கோச்சி ஜன்னல் கம்பியில இருந்து கைய எடுக்கமாட்டேன்னு புடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம், கோச்சி நகர்ந்த பெறகும் அப்பாயி கொஞ்ச தூரம் கூடவே ஓடியிருக்கு. அப்பா இத ஒரு தரத்துக்கு மேல சொல்லமாட்டாரு.

அந்த பாஸ்போட்ட பெரியப்பா மகன், கோத்தகிரி அண்ணே, இன்னும் வச்சிருக்காரு. வாட்ஸ்அப்புல போட்டோ புடிச்சு அனுப்பினாரு. பெரியப்பா பெரியம்மா ரெண்டு புள்ளைக நாலு பேரும் ஒரே போட்டோல, ஸ்டூடியோல சீலை தொங்க விட்டு எடுத்தது, யாரும் சிரிக்கல. அந்தப் பேப்பருக்கும் கார்னேக்கும் ஒரு வித்தியாசம்தான். கார்னேல ரெண்டாவது முத்திர விழாட்டி குத்தம். பெரியப்பா பேப்பர்ல ரெண்டாவது முத்திரைக்கு எடமே வைக்கல. போனா போனதுதான்.

மேடம் எழும்பி வந்து அப்பாவோட கையப் புடிச்சுக்கிட்டாங்க. அப்பாவுக்கு வெக்கம், "தேத்தண்ணி ஆறுது, குடிக்கச் சொல்லு"ன்னாரு.

இப்ப ஹாபர் கதை. அவுங்களோட கார்னே மார்ச் 19ந் தேதியோட முடியுது, ஒரு வருசம்தான் உசுரு. நீடிக்கலாம், ஊர்ல உள்ள கிளப்பும் இங்க சுங்கமும் ஒத்துக்கணும், அதுக்கு மெயிலு போட்டு பதிலு வந்து, வேணாம்னு முடிவு பண்ணி வண்டிய ரொட்டர்டேமுக்கு அனுப்ப கன்டெய்னர் புக் பண்ணிட்டாங்க. அந்த நேரம் கப்பலெல்லாம் செங்கடல் பக்கம் போகாம ஆபிரிக்காவ சுத்திப் போனதால நாள் கணக்கு கூட, மனுசன் அதுக்குப் பயந்துக்கிட்டு இருந்தாரு, 19ந் தேதிக்குள்ள போய் சேராதேன்னு. ஹாபர்ல சுங்கப் பேப்பர் வேல பாத்துக் குடுக்குற வாஃப் கிளார்க் ஒருத்தரத்தான் எனக்குத் தெரிஞ்ச ஆளு மூலமா புடிச்சுக் குடுத்தேன், அவரு சிரிச்சாரு, "சேர், போய் சேர வேணாம், இங்கருந்து வெளிய போற முத்திர 19க்கு முன்னுக்கு விழுந்தாப் போதும், உங்க வண்டி உங்க ஊர்ல எறங்குறதுக்கு கார்னே எதுக்கு?" எத்தன நாள் தூங்காம இருந்தாரோ, அந்த ஒரு வார்த்தையில மனுசன் தோள் எறங்கிருச்சு.

ஆனா சனியன் வேற எடத்துல இருந்துச்சு. செசி நம்பர்ல ஒரு சைபர் இருக்கு. கன்டெய்னர் பேப்பர் அடிச்ச ஏஜென்ட், யாருன்னு வேணாம், அந்த எடத்துல ஓ எழுத்த அடிச்சு வச்சிருக்காரு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்பியூட்டருக்கு ஒண்ணு இல்ல. அத மாத்த ஒரு நாள் போச்சு, கடுதாசி, மன்னிப்பு, திரும்ப கடுதாசி. மறுநா யார்டுல சுங்க அதிகாரி வந்தாரு, நல்ல மனுசன், கார்னேய கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்தாரு. ஸ்பெயார் டயர் ரெண்டு, சரி. செசி நம்பர், சரி. இன்ஜின் நம்பர்? போனட்டத் தொறந்தா ஈரான் தூசியும் ராஜஸ்தான் மண்ணும் நம்ம மலைநாட்டு சேறும் ஒயிலோட சேந்து ஒரு தோல் மாதிரி படிஞ்சு கெடக்கு, எங்க நம்பர் இருக்குன்னே தெரியல. வாஃப் கிளார்க் ஒரு பழைய பல்லு பிரஷும் போத்தல்ல மண்ணெண்ணெயும் எடுத்துக்கிட்டு வந்தாரு, இதுக்குன்னே பையில வச்சிருக்காராம். கால் மணித்தியாலம் தேய்ச்சோம். கடைசியில ஒரு எலக்கம் 3ஆ 8ஆன்னு சண்ட. அதிகாரி போன் லைட்ட அடிச்சு, பென்சிலால காகிதத்துல தேய்ச்சு படி எடுத்துப் பாத்தாரு. 3தான். நாலு பேரும் ஒரே நேரத்துல மூச்சு விட்டோம்.

அதுக்கு நடுவுல சுவிஸ்காரரு சீட்டுக்கு அடியில இருந்து சாக்குல சுத்தின ஒரு சாமான எடுத்து அதிகாரிகிட்ட நீட்டுறாரு. கருகின பழைய கிளட்ச் பிளேட்! எதுக்குன்னா, கழட்டின பழைய சாமானையும் திரும்பக் கொண்டு போகணும், இல்லாட்டி வரின்னு எங்கயோ வாசிச்சிருக்காரு. வாசிச்சது சரிதான், ஆனா அது வெளிநாட்டுல இருந்து வரி இல்லாம சாமான் வரவச்சு மாத்தினாத்தான். பஞ்சிகாவத்தயில காசு குடுத்து வாங்கினதுக்கு அந்த சட்டமே வராது. அதிகாரி அந்த பிளேட்ட கையில வாங்கி பொரட்டிப் பாத்துட்டு என்கிட்ட சிங்களத்துல கேட்டாரு, "ரம்பொடையில எரிச்சதா?" "இல்ல மாத்தயா, தலவாக்கல." "ம்ம்"னு தலைய ஆட்டினாரு. துண்ட கிழிச்சாரு, முத்திரைய குத்தினாரு. மேடம் பேனாவால தேதிய திரும்ப ஒரு தரம் சரி பாத்து, முத்திர காயுற வரைக்கும் புத்தகத்த மூடாம விரிச்சே புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

பிளேட்ட எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. நான் கொண்டு வந்து பாஸ்கிட்ட குடுத்தேன், கராஜ் வாசல்ல ஆணியில தொங்குது.

அதுக்குப் பெறகு எனக்கு ஒரு கிறுக்கு புடிச்சிச்சு. என் வேன அட்டன்ல இருந்து கோத்தகிரிக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும். மலையில இருந்து மலைக்கு. பெரியப்பா போன வழியில, ஆனா திரும்பி வர்ற மாதிரி, ரெண்டாவது முத்திரையோட. தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீட்டர்தான், அட்டன்ல இருந்து நுவரெலியாவுக்குப் போய் வர்றதுக்கும் கொறவு. ஆனா அந்த வழியில கப்பல் எண்பதுகளோட நின்னு போச்சு. 2023 ஒக்டோபர்ல நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் தொடங்கினாங்க, அதுல ஆளு மட்டுந்தான், வண்டி ஏத்த ஏலாது. அதனால எனக்கும் கன்டெய்னர்தான் வழி, கொழும்பு தூத்துக்குடி. சாதாரண கன்டெய்னரோட கதவு உயரம் 2.28 மீட்டர், என் வேனுக்கு கூரைல கெரியர் இருக்கு, அத கழட்டணும்.

ஒவ்வொண்ணா விசாரிச்சேன். எனக்கு சர்வதேச லைசன்ஸ் வேணும், கொழும்புல ஒட்டோமொபைல் அசோசியேசன் ஒஃப் சிலோன்ல எடுக்கலாம், 1904ல இருந்து இருக்குற சங்கம், பேர்ல இன்னும் சிலோன்தான். (வெள்ளக்காரங்க இங்க ஓட்டுறதுக்கும் அவுங்க லைசன்ஸ இங்க அங்கீகாரம் பண்ணித்தான் ஓட்டணும், 2025 ஓகஸ்ட்ல இருந்து கட்டுநாயக்க எயார்போட்லயே அதுக்கு கவுன்டர் தொறந்திருக்காங்க. எல்லங்கிற டூரிஸ்ட் ஊர் பக்கம் ஆட்டோ வாடகைக்கு எடுத்துக்கிட்டு வளைவுல ஆடிக்கிட்டு போற புள்ளைகள்ள எத்தன பேரு எடுத்திருக்காங்கன்னு என்கிட்ட கேக்காதீங்க.) கார்னே வேணும், அதுக்கு பிணைப்பணம். நம்ம இன்சூரன்ஸ் அங்க செல்லாது, அங்க எடுக்கணும். 2022ல இந்தியா வெளிநாட்டு வண்டிகளுக்குன்னே தனி விதி போட்டிருக்கு, ரிஜிஸ்ட்ரேசன், லைசன்ஸ், இன்சூரன்ஸ், புகை சேர்டிபிகேட் எல்லாம் வண்டியிலயே இருக்கணும், இங்கிலீஷ்ல இல்லாட்டி உறுதிப்படுத்தின மொழிபெயர்ப்பு. சி எல் ஸ்டிக்கர். எனக்கு விசா, அது வேற.

இதெல்லாம் செஞ்சாலும் வண்டிப் பதிவுப் புத்தகம், சீஆர் புக்க தொறந்தா அப்சல்யூட் ஓனர்னு உள்ள எடத்துல என் பேரு இல்ல. லீசிங் கம்பெனி பேரு. ரெஜிஸ்டர்ட் ஓனர்தான் நான். வண்டி எனக்கு, முழுசா எனக்கு இல்ல, இன்னும் முப்பத்தோரு தவண இருக்கு. அவுங்க கடுதாசி குடுக்காம வண்டிய நாட்ட விட்டு எடுக்க ஏலாது. லீசிங் ஆபீஸ்ல இருந்த தம்பிகிட்ட கேட்டேன், அவரு நான் பகிடி விடுறேன்னு நெனச்சு சிரிச்சாரு, பெறகு நான் சிரிக்காததப் பாத்துட்டு மேனேஜரக் கூப்புட எழும்பினாரு, நான் வேணாம் தம்பின்னுட்டு வந்துட்டேன். செலவ குத்துமதிப்பா கூட்டிப் பாத்தேன், அந்த சல்லிக்கு குடும்பத்தோட மூணு நாலு தரம் பிளேன்ல போய் வரலாம்.

அப்பாகிட்ட சொன்னேன். "கடன் முடியாம துண்டு கெடைக்குமா?"ன்னாரு, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, மாட்டுக்கு புல்லு போட போயிட்டாரு.

போன வாரம் கோத்தகிரி அண்ணே கோல் எடுத்தாரு. நான் வண்டிய கொண்டு வர்றேன்னு ஒரு தரம் வாய விட்டதுல இருந்து அவரு அத விடுறதா இல்ல.

"எப்படா வர்ற? வேன் நல்ல பெரிய வேன்தானே?"

"பதினாலு சீட்டுண்ணே."

"அப்ப சரி. சீட்ட மடக்கிட்டா நம்ம கொழுந்து மூட்டைய ஃபேக்டரிக்கு ஏத்திட்டுப் போயிரலாம். இங்க வண்டி வாடகை ரொம்ப கேக்குறானுக."

"ஏத்தக் கூடாதுண்ணே. வெளிநாட்டு நம்பர் வண்டியில அங்க உள்ள சாமானும் ஏத்தக் கூடாது, அங்க உள்ள ஆளையும் ஏத்தி எறக்கக் கூடாது. சட்டத்துல இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கோழி கத்துறது மட்டும் கேக்குது.

"என்னையுமா?"